நகரத்துத் தனியார் பாடசாலையில் தரம் 6: வன்னிப் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள்

என் மகள் இப்போது தரம் 8. இரண்டு காதிலும் கருவி போடுகிறாள். அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம் நானும் கணவரும் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலுமாக ஐந்து தனியார் பாடசாலைகளின் வாசல் ஏறி இறங்கினோம். அதற்குப் பிறகு பரந்தனில் இருந்தோ விசுவமடுவில் இருந்தோ ஒட்டுசுட்டானில் இருந்தோ விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோரில் மாதத்துக்கு ஒருவராவது போன் எடுத்து, "அக்கா, எங்கட பிள்ளைக்கும் ஒரு இடம் பார்க்கவேணும்" என்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் ஆசிரியையும் இல்லை, வைத்தியரும் இல்லை. அலைந்த அனுபவம் மட்டும் உண்டு.

"உட்படுத்தல் கல்வி" என்கிறார்களே, அது விசேட கல்வி அலகுதானே?

இல்லை. விசேட கல்வி அலகு என்பது சாதாரண பாடசாலைக்குள்ளேயே இருக்கும் தனி வகுப்பறை. விசேட கல்வி படித்த ஆசிரியர் ஒருவர் இருப்பார், விசேட தேவையுள்ள பிள்ளைகள் அங்கே சேர்ந்து படிப்பார்கள். சில பிள்ளைகளுக்கு அதுதான் பொருத்தம்.

உட்படுத்தல் கல்வியில் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு அதே வகுப்பில் இருக்கும். அதற்கு ஏற்றபடி பாடசாலைதான் தன்னை மாற்றிக்கொள்ளவேண்டும். இருக்கிற இடம், வினாத்தாள், படிக்கட்டு, ரீச்சர் கதைக்கிற விதம் எல்லாம் அதில் வரும்.

இதில் ஒரு ஏமாற்றும் இருக்கிறது. நாங்கள் பார்த்த ஒரு பாடசாலையில், "எங்களிடமும் அப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பாருங்கள்" என்று ஒரு தரம் 7 வகுப்புக்குக் கூட்டிப்போனார்கள். விஞ்ஞான பாடவேளை. எல்லாரும் கொப்பியில் ஒரு பூவின் குறுக்குவெட்டை வரைந்துகொண்டிருந்தார்கள். கடைசி வாங்கில் ஒரு பையன் தனியாக இருந்து, நிறந்தீட்டும் புத்தகம் ஒன்றில் யானைக்கு நீல நிறம் தீட்டிக்கொண்டிருந்தான். "இவர் ஒரு கரைச்சலும் தரமாட்டார்" என்றார் ரீச்சர், பெருமையாக. அந்தப் பையனுக்கும் அதே பூவைக் கொடுத்திருக்கலாம். இதழ் எது, தண்டு எது என்று அவனும் நிறந்தீட்டியிருப்பான். அந்தப் பாடசாலை அவனைச் சேர்த்திருந்தது, படிப்பிக்கவில்லை. நான் இங்கே எழுதுகிற மற்ற எல்லாமே இந்த வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றித்தான்.

தனியார் பாடசாலை என்று எதைச் சொல்கிறீர்கள்?

இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகக் குழப்பவேண்டாம்.

1960, 61ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, தனியாராகவே நின்றவை சில. யாழ்ப்பாணத்தில் பரி. யோவான் கல்லூரி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி, வட்டுக்கோட்டையில் இருக்கும் யாழ்ப்பாணக் கல்லூரி எல்லாம் அந்த வகை. அரசாங்கப் பாடத்திட்டம்தான், தமிழ் மொழிமூலமும் உண்டு.

மற்றது சர்வதேசப் பாடசாலை. இது கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனம். அரசாங்கப் பாடசாலையை மேற்பார்வை செய்வதுபோல் கல்வி அமைச்சு இவற்றை மேற்பார்வை செய்வதில்லை. ஒரு பிரச்சினை என்று வலயக் கல்விப் பணிமனைக்குப் போனால், அவர்கள் அனுதாபத்தோடு கேட்பார்கள், ஆனால் அந்த அதிபரைக் கூப்பிட்டு விசாரிக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இராது. பெயர்ப்பலகையில் "கல்லூரி" என்று இருக்கிறதா "சர்வதேச" என்று இருக்கிறதா என்பதை நம்பாமல், எந்தப் பாடத்திட்டம், எந்தப் பரீட்சை, யாரிடம் பதிவு என்ற மூன்றையும் நேரே கேளுங்கள்.

ஏன் தரம் 6 என்றதும் இவ்வளவு பதற்றம்? ஐந்தாம் வகுப்புவரை பிள்ளை நன்றாகத்தானே இருந்தது?

அதனால்தான். ஆரம்பப் பிரிவில் ஒரே வகுப்பாசிரியை நாள் முழுக்க இருப்பார். இரண்டு மாதத்தில் பிள்ளையின் மூச்சுக்கூட அவருக்குத் தெரிந்துவிடும். எந்தப் பக்கத்துக் காது நன்றாகக் கேட்கும், எப்போது களைக்கும், எப்போது விளங்கியமாதிரித் தலையாட்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர் அறிந்திருப்பார்.

தரம் 6இல் தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், சமயம், வரலாறு, புவியியல், குடியியற் கல்வி, சுகாதாரமும் உடற்கல்வியும், செய்முறைத் தொழினுட்பத் திறன்கள், இரண்டாம் மொழியாகச் சிங்களம், அழகியல் என்று பன்னிரண்டு பாடம். மணி அடித்தால் ஆள் மாறும். அந்தப் பன்னிரண்டு பாடத்துக்கும் வருகிறவர்களில் எத்தனை பேருக்கு உங்கள் பிள்ளையைப் பற்றித் தெரியும்? இதை யார் அவர்களுக்குச் சொல்வது, எப்போது சொல்வது? நான் அதிபர்களிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான். ஐந்து பாடசாலையில் ஒன்றில் மட்டும்தான் தெளிவான பதில் வந்தது. தவணை தொடங்க முதல் நாள் ஆசிரியர் கூட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு பக்கக் குறிப்பு வாசிக்கப்படும் என்றார்கள். புது ஆசிரியர் நடுவில் வந்தால் முதலில் அந்தக் கோவையைத்தான் கொடுப்பார்களாம். அங்கேதான் மகளைச் சேர்த்தோம்.

அரசாங்கப் பாடசாலை இலவசம். ஏன் காசு கொட்டவேண்டும்?

நியாயமான கேள்வி. 1945இல் இருந்து இலவசக் கல்வி இருக்கிற நாடு இது. வன்னியில் அரசாங்கப் பாடசாலைகளில் எங்கள் பிள்ளைகளுக்காக உயிரைக் கொடுத்து வேலை செய்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், என் மகளின் ஆரம்பப் பாடசாலை ரீச்சர் அதில் ஒருவர். உங்கள் ஊரிலேயே அப்படி ஓர் இடம் கிடைத்தால் இதற்குமேல் வாசிக்காதீர்கள்.

எங்களுக்குச் சிக்கல் வகுப்பின் அளவு. பக்கத்தில் இருந்த பெரிய பாடசாலையில் நாற்பதைத் தாண்டிய பிள்ளைகள் ஒரு வகுப்பில். காதுக் கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். நாற்பது பேர் கதிரை இழுக்கும் சத்தத்துக்குள் ரீச்சரின் குரலைப் பிரித்தெடுக்க என் மகளால் முடியாது. சிறிய வகுப்பைத் தேடித்தான் தனியாருக்குப் போனோம். தனியார் என்பதால் மனம் பெரிதாக இருக்கும் என்று எண்ணிப் போகவில்லை. போயிருந்தால் முதல் நாளே ஏமாந்திருப்போம்.

பாடசாலையைப் பார்க்கப் போகும்போது எதைப் பார்க்கவேண்டும்?

பாடசாலை நடக்கிற நாளில் போங்கள். பெற்றோருக்காக வைக்கும் திறந்த நாளில் எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள், அதில் ஒன்றும் தெரியாது. இடைவேளைக்குக் கொஞ்சம் முந்திப் போய், இடைவேளை முடியும்வரை நில்லுங்கள்.

வகுப்புக்குள் நான் முதலில் பார்ப்பது ரீச்சரின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று. கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே கதைக்கிறவரின் வகுப்பில் காது குறைந்த பிள்ளை பாதியைத் தவறவிடும். கருவி போட்டாலும் இவர்கள் உதட்டையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். உதட்டில் ப-வும் ம-வும் ஒரே மாதிரித்தான் தெரியும். கண்ணாடிக்கு முன்னால் நின்று "பாடு", "மாடு" என்று சொல்லிப் பாருங்கள். என் மகள் ஒருமுறை சங்கீத வகுப்பில் எல்லாரும் பாட எழும்பியபோது மாடு எங்கே என்று யன்னலால் எட்டிப் பார்த்தாள். வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து அவளே சொல்லிச் சிரித்தாள், ஆனால் அடுத்த கிழமை முழுக்கச் சங்கீத பாடவேளைக்குத் தலையிடி வந்தது.

அடுத்தது மேலே பாருங்கள். கூரை என்ன, மின்விசிறி என்ன சத்தம் போடுகிறது. மாரியில் தகரத்தில் மழை விழத் தொடங்கினால் நன்றாகக் கேட்கிற பிள்ளைக்கே ஒன்றும் விளங்காது. மூன்றாந் தவணை முழுக்க மழைதானே. அரைச்சுவர் வகுப்பென்றால் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடும் சேர்ந்து வரும். வீதி ஓரக் கட்டடமா என்றும் பாருங்கள், ஏ-9இல் லொறி போனால் கதவு அதிரும் வகுப்பறையை நான் பார்த்திருக்கிறேன்.

சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ பாவிக்கும் பிள்ளையென்றால் ஓர் அளவுநாடா கொண்டுபோங்கள், வெட்கப்படவேண்டாம். சாய்வுப் பாதைக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓர் அடி உயரம் ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பிள்ளை தனியாக ஏறாது, யாராவது தள்ளவேண்டும். பொதுக் கட்டடங்களில் அணுகல் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் இந்த நாட்டில் 2006இலேயே வந்துவிட்டன. இருந்தும் சீமெந்தை அள்ளிக் கொட்டி மெழுகிய சறுக்கல்களைத்தான் பல இடங்களில் சாய்வுப் பாதை என்று காட்டுகிறார்கள். மலசலகூடக் கதவின் அகலத்தையும் அளந்து பாருங்கள். விஞ்ஞான கூடமும் கணினி அறையும் மாடியில் இருந்தால், அந்தப் பாடவேளையில் பிள்ளை எங்கே இருக்கும் என்று கேளுங்கள். "நூலகத்தில் இருக்கலாம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளிக்கிடுங்கள்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு மணிச் சத்தம், ஒன்றுகூடல் ஒலிபெருக்கி, கன்ரீன் வரிசை மூன்றும் பெரிய தொல்லை. தாங்கமுடியாதபோது ஒதுங்கி இருக்க ஒரு மூலை உண்டா? நேரசூசி மாறினால் முதல் நாளே சொல்வார்களா?

பிறகு இடைவேளை. எந்தப் பிள்ளை தனியாகச் சாப்பிடுகிறது என்று பாருங்கள். ஆசிரியர்கள் அதைக் கவனிக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அதிபரிடம் என்ன கேட்பது? எனக்கு வாய் வராது.

எழுதிக்கொண்டு போங்கள், நானும் அப்படித்தான் போனேன். "விசேட தேவையுள்ள பிள்ளைகளை எடுப்பீர்களா சேர்?" என்று கேட்டால் "ஓம்" என்ற ஒரு சொல்தான் வரும். அதற்குப் பதிலாக நடந்ததைக் கேளுங்கள். போன இல்ல விளையாட்டுப்போட்டியில் அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? போன தவணைப் பரீட்சையில் யாருக்காவது வினாத்தாளைப் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தீர்களா? அப்படி ஒரு பிள்ளை பாடசாலையை விட்டுப் போனதுண்டா, ஏன் போனது?

கடைசிக் கேள்விக்கு ஓர் அதிபர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போனது. பிழை எங்களில்தான். அந்தப் பிள்ளைக்கு ஒரு துணை ஆசிரியர் தேவை என்று எங்களுக்கு விளங்கும்போது பிந்திவிட்டது" என்றார். அவரில் எனக்கு வந்த நம்பிக்கை, கண்ணாடி அலுமாரியில் வெற்றிக் கிண்ணங்களைக் காட்டிய மற்ற அதிபரில் வரவில்லை.

விளையாட்டுப்போட்டிக் கேள்வியை விடாதீர்கள். "பார்த்துக் கைதட்டுவார்கள்" என்பது ஒரு பதில். "நேரக்கணிப்பாளரோடு நின்று மணிக்கூடு பிடித்தார், அஞ்சலில் முதலாவதாக ஓடினார்" என்பது இன்னொரு பதில்.

பிள்ளையின் குறைபாட்டை விண்ணப்பத்திலேயே சொல்லவேண்டுமா? மறைத்தால் இடம் கிடைக்கும் என்கிறார்கள்.

சொல்லுங்கள். மறைத்துச் சேர்த்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். கண்பார்வை குறைந்த பிள்ளை, இரண்டாந் தவணைவரை "கவனமில்லாத பிள்ளை" என்று பெயர் வாங்கியது. முதுகில் அடியும் வாங்கியது. தெரியாத ஆசிரியரை எப்படிக் குற்றம் சொல்வது என்று அந்தத் தாய் இன்றைக்கும் தன்னையே நொந்துகொள்கிறார். அடித்தது எப்படியும் பிழைதான், அது வேறு கதை.

ஆனால் வைத்திய அறிக்கைக் கட்டை முதல் நாளே மேசையில் போடவேண்டாம். பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் உங்கள் கையால் எழுதுங்கள். என்ன பிடிக்கும், எதில் கெட்டி, எது கஷ்டம், என்ன செய்தால் சுகமாக இருக்கும். என் கடிதத்தில் முதல் வரி, "இவள் கரம் விளையாட்டில் அண்ணனைத் தோற்கடிப்பாள்." அறிக்கைகளை அதற்குப் பின்னால் குத்திவையுங்கள். கேள்விப்புலன் பரிசோதனை, உளநல வைத்தியர், பேச்சு மொழிச் சிகிச்சையாளர் என்று எந்த அறிக்கை என்றாலும் மூலப்பிரதியைக் கொடுக்காமல் பிரதியைக் கொடுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மறுபடி அலைந்தவள் சொல்கிறேன்.

நுழைவுப் பரீட்சையில் தோற்றுவிட்டால்?

பரீட்சை எப்படி நடந்தது என்பதைப் பொறுத்தது. ஓர் இடத்தில் சொல்வதெழுதலை ஒலிபெருக்கியில் நடத்தினார்கள். மகள் இருபதுக்கு நாலு. அதே சொற்களை நான் முகம் பார்த்துச் சொன்னபோது பதினேழு. முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்: முன்வரிசையில் இடம், மேலதிக நேரம், வினாவை வாசித்துக்காட்டுதல், எது தேவையோ அது. கேட்டபோது அவர்கள் என்ன முகம் காட்டுகிறார்கள் என்பதே உங்களுக்கு அரைவாசிப் பதில்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் புள்ளியை மட்டும் பார்த்து "எங்கட தரத்துக்கு வராது" என்று சொன்ன இடமும் உண்டு. அப்படிச் சொன்னவர்களோடு வாதாட நான் நிற்கவில்லை.

ஆங்கில மொழிமூலத்தில் விடலாமா?

இதில் என் கருத்துக் கொஞ்சம் கடுமையானது. காது, பேச்சு, வாசிப்பு இவற்றில் இடர்ப்பாடுள்ள பிள்ளையைத் தமிழிலேயே இன்னும் கால் ஊன்றாத நேரத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றுவது, நீந்தத் தெரியாத பிள்ளையைக் குளத்தைவிட்டுக் கடலில் இறக்குவதுமாதிரி. வீட்டில் ஆங்கிலம் கதைக்கிற ஆள் இல்லையென்றால் வீட்டுவேலைக்கு ரியூசன், ரியூசனுக்கு இன்னொரு ரியூசன் என்று போகும். விதிவிலக்குகள் உண்டு. ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகள் யூடியூப் பார்த்தே தமிழைவிட ஆங்கிலம் நன்றாகக் கதைக்கிறார்கள், அவர்களுக்கு அதுவே வசதி. உங்கள் பிள்ளை கனவில் எந்த மொழியில் பிதற்றுகிறது என்று கவனியுங்கள்.

கட்டணம்?

அனுமதிக் கட்டணம், திருப்பித் தரும் வைப்புப் பணம், தவணைக் கட்டணம், வசதிக் கட்டணம், புத்தகம், சீருடை, வான். இவை எல்லாருக்கும் உள்ளவை. எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொன்று வரும்: துணை ஆசிரியர். வகுப்பில் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து உதவுகிறவரின் சம்பளத்தைப் பெற்றோர்தான் கொடுக்கவேண்டும் என்று பல இடங்களில் சொல்வார்கள். சேர்ந்தபிறகு சொல்வார்கள், அதுதான் கோபம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தோடு வாங்குங்கள். பிள்ளை ஒரு தவணையில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதும் அதில் இருக்கட்டும்.

துணை ஆசிரியர் இருப்பதே நல்ல அறிகுறி என்றும் நினைக்காதீர்கள். வகுப்பாசிரியர் பாடத்தை மற்றப் பிள்ளைகளுக்கு நடத்தி, உங்கள் பிள்ளையை முழுக்கத் துணை ஆசிரியரிடம் ஒப்படைத்தால், அது அந்த நிறந்தீட்டும் புத்தகத்தின் விலை கூடின பதிப்பு.

கருவி, மூக்குக்கண்ணாடி, சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு உங்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். தனியார் பாடசாலையில் படிக்கிற பிள்ளைக்குக் கேட்கக்கூடாது என்று கூச்சப்படாதீர்கள்.

விடுதியா, உறவினர் வீடா, தினமும் வானா?

கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 65 கிலோமீற்றர், வவுனியா அதைவிடக் கொஞ்சம் கூட. பெரியவர்கள் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்கள். பதினொரு வயதுப் பிள்ளை, அதுவும் கேட்பதற்கே நாள் முழுக்க மூளையைக் கசக்குகிற பிள்ளை, மூன்று நாலு மணிநேரம் பஸ்ஸில் இருந்தால் மிச்சம் ஒன்றும் இராது. காது கேளாத பிள்ளைகள் பின்னேரத்தில் களைப்பில் எரிந்து விழுவார்கள், அது குழப்படி இல்லை.

விடுதியில் நான் பயந்தது இரவை. கருவியைக் கழற்றினால் அவளுக்கு ஒன்றும் கேளாது. நெருப்பு, வெள்ளம், ஏதாவது என்றால் யார் தட்டி எழுப்புவது? விடுதிப் பொறுப்பாளரிடம் இதைக் கேட்டபோது அவர் அப்படி யோசித்ததே இல்லை என்றார். அதனால் மகள் வவுனியாவில் என் மச்சாள் வீட்டில் நிற்கிறாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளைக் கூட்டிவரும்போது முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கி, அதைக் கோது உடைத்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கச்சான் முடிந்தபிறகு கிழமை முழுக்க நடந்தது தானாக வரும். உறவினர் வீட்டிலும் சிக்கல் இருக்கும். மச்சாளின் பிள்ளைகளோடு சண்டை வந்தால் இரண்டு குடும்பமும் கோவித்துக்கொள்ளும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இடம் தரமாட்டோம் என்றால் சட்டம் என்ன சொல்கிறது?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பது. ஒருவரின் இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாரபட்சம் காட்டக்கூடாது என்று அதன் 23ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் மேல் நீதிமன்றத்துக்கு மனுச்செய்ய வழியுண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது, அதன் 24ஆம் உறுப்புரை உட்படுத்தல் கல்வியைப் பற்றியதே. 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்பதும் இந்த நாட்டுச் சட்டம்தான்.

ஆனால் ஒரு பாடசாலையும் "காது கேளாததால் எடுக்கமாட்டோம்" என்று எழுதித் தராது. "இடம் நிரம்பிவிட்டது", "எங்களிடம் அதற்கு ஆசிரியர் இல்லை, பிள்ளைக்குத்தான் கஷ்டம்" என்பார்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கேட்டதும் இடம் கிடைத்த கதையும் உண்டு. அப்படிக் கிடைத்த இடத்தில் பிள்ளையை விட மனம் வருமா என்பது வேறு விஷயம்.

அடி, அவமானப்படுத்தல் என்று வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு எடுங்கள். அரசாங்கமோ தனியாரோ, அதற்கு வித்தியாசம் இல்லை.

சாதாரண தரப் பரீட்சையில் சலுகை கிடைக்குமா? இப்போதே யோசிக்கவேண்டுமா?

இப்போதே யோசிக்கவேண்டும். மேலதிக நேரம், எழுத ஓர் ஆள், பிறெயில் வினாத்தாள் போன்றவற்றைப் பரீட்சைத் திணைக்களத்திடம் வைத்திய அறிக்கைகளோடு முன்கூட்டியே கேட்கவேண்டும். லண்டன் பரீட்சை எழுதும் சர்வதேசப் பாடசாலைகளிலும் சலுகை உண்டு, 25 வீதம்வரை மேலதிக நேரம் அங்கே வழக்கமான ஒன்று. ஆனால் பிள்ளை வகுப்பிலும் தவணைப் பரீட்சையிலும் ஏற்கெனவே அப்படித்தான் எழுதிவந்தது என்று காட்டவேண்டும். தரம் 6இல் இருந்து தவணைப் பரீட்சைக்கு மேலதிக நேரம் கொடுத்த பதிவு கோவையில் இருந்தால் தரம் 11இல் ஓடித்திரியத் தேவையில்லை.

சைகை மொழியில் படிக்கிற பிள்ளைக்கு என்ன செய்வது?

என் மகள் பேச்சில் வளர்ந்தவள், அதனால் இதில் நான் அதிகம் கதைக்கக்கூடாது. சைகைதான் பிள்ளையின் மொழி என்றால், சைகை தெரிந்த ஒருவரும் இல்லாத வகுப்பில் "எல்லாரோடும்" இருக்கவைப்பது தனிமைச் சிறை. கைதடி நவீல்ட் பாடசாலை மாதிரி, அந்தப் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே இடைவேளையில் கைகள் பறக்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு வந்து முடிவெடுங்கள்.

என் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. அப்படிப் பிள்ளைகளோடு இருந்தால் படிப்புக் குறையாதா?

ரீச்சர் முகம் திருப்பிக் கதைத்து, முக்கியமானதைக் கரும்பலகையில் எழுதி, விளங்கியதா என்று திருப்பிக் கேட்டால் யாருக்குப் படிப்புக் குறையும்? என் மகளுக்காக வகுப்பில் தொடங்கிய பழக்கம்தான் இது. இன்னொரு பிள்ளையின் அம்மா வந்து, தன் மகனுக்குக் கணிதம் இந்த வருடம்தான் விளங்குகிறது என்றார். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

சேர்த்தபிறகு சரிவராவிட்டால்?

ஒரு தவணை பொறுங்கள், இரண்டு தவணை பொறுக்காதீர்கள். முன்னேற்ற அறிக்கையில் புள்ளி குறைவதைவிட, பிள்ளை காலையில் வயிற்றுவலி என்று சொல்லத் தொடங்குவதையும், கருவியை வேண்டுமென்று வீட்டில் விட்டுவிட்டுப் போவதையும், சகபாடிகளின் பெயரே வாயில் வராததையும் கவனியுங்கள். வகுப்பாசிரியரிடம் முதலில் கதையுங்கள், பிறகு அதிபர். என்ன செய்வதாகச் சொன்னார்கள், எப்போதைக்குள் என்பதை அன்றிரவே ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். மாற்றுவதென்றால் வெட்கம் வேண்டாம், ஊர் என்ன சொல்லும் என்றும் பார்க்கவேண்டாம். ஊர் எப்படியும் சொல்லும்.

கருவியின் பற்றரிக்கு என்ன செய்கிறீர்கள்?

இதைத்தான் எல்லாரும் கடைசியாகக் கேட்பார்கள். மகளுடையது 13ஆம் இலக்கம், செம்மஞ்சள் ஒட்டு. ஒட்டை உரித்ததும் காற்றுப்பட்டு வேலை செய்யத் தொடங்கிவிடும், திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்கமுடியாது. உரித்துவிட்டு ஒரு நிமிடம் வெளியே வைத்துப் பிறகு போடுங்கள். அவளுக்கு ஒரு சோடி ஒரு கிழமை, சிலவேளை பத்து நாள் ஓடும். எங்கள் வெயிலுக்கு வியர்வைதான் எதிரி. இரவில் கருவியை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகள் போட்ட மூடிப் போத்தலில் வைக்கிறோம். ஒரு அட்டை பற்றரி வீட்டில், ஒரு அட்டை மச்சாளிடம், ஒரு அட்டை வகுப்பாசிரியையின் மேசை லாச்சியில். லாச்சியில் கடைசி இரண்டு மிஞ்சும்போது அவரே எனக்குப் போன் எடுப்பார்.